அப்பாவின் வேலைத் துணியைத் துவைத்த அம்மாவுக்கு ஏன் இந்தப் புற்றுநோய்?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

என் அம்மாவுக்கு 67 வயது. சென்ற ஆண்டு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கத் தொடங்கியது. வலது பக்க நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி நீரை எடுத்துவிட்டு, காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டார். ஆனால் மீண்டும் நீர் கோத்தது, எடையும் குறைந்தது. இப்போது வேறொரு மருத்துவமனையில் நெஞ்சுக்குள் கருவி செலுத்தித் திசு எடுத்துப் பார்த்து, மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் என்கிறார்கள். “ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனியில் வேலை செய்தீர்களா?” என்று மருத்துவர் கேட்டார். அம்மா எந்த வேலைக்கும் வெளியே போனதில்லை.

அப்பாதான் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தார். நூற்பாலைகளிலும் சாயப்பட்டறைகளிலும் பாய்லருக்கும் நீராவிக் குழாய்களுக்கும் மேலே சுற்றுகிற வேலை. 1990-களின் தொடக்கம் வரை அதில் இருந்தார். மாலையில் சட்டையெல்லாம் வெள்ளைத் தூசியாக வருவார். அம்மா அதை வாசலில் உதறிவிட்டுக் கல்லில் அடித்துத் துவைப்பார். அப்பா மாரடைப்பில் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தத் துணியா அம்மாவுக்கு இந்த நோயைக் கொடுத்தது? இதை அம்மாவிடம் சொல்லவே கூடாது என்கிறார் அண்ணன். அதே வீட்டில் வளர்ந்த எங்களுக்கும் வருமா? காசநோய் மருந்தில் போன ஆறு மாதத்தால் அம்மாவின் உயிருக்கு ஆபத்து கூடிவிட்டதா? நான் இப்போது குடியிருக்கும் வீட்டின் பின்பகுதிக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் போட்டிருக்கிறது. என் குழந்தைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள். என்ன செய்வது?

ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தத் துணிதான் காரணமாக இருக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. உங்கள் அம்மாவைப் பார்க்கும் மருத்துவர் இதை இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் மருத்துவ நூல்களில் அறுபது ஆண்டுகளாகப் பதிவாகியிருக்கும் ஒரு கதையோடு அப்படியே பொருந்துகின்றன.

1965-இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒரே மருத்துவமனையில் மீசோதீலியோமா என்று உறுதியான 76 பேரின் வாழ்க்கை வரலாற்றைத் தோண்டிப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்தவர்கள் அல்லது அப்படி ஒருவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். அந்த இரண்டாம் வகையினர் ஒன்பது பேர். அவர்களில் ஏழு பேர் பெண்கள். அவர்களிடம் மிகுதியாகக் கிடைத்த விவரம் என்ன தெரியுமா? கணவரின் வேலைத் துணியைத் துவைத்தது. உங்கள் அப்பா ஆலை ஆலையாகப் போய்க் குழாய் சுற்றத் தொடங்குவதற்கு முன்பே அச்சாகி வந்துவிட்ட ஆய்வு இது. அவரை வேலைக்கு வைத்தவர்கள் யாரும் அவரிடமோ உங்கள் அம்மாவிடமோ இதைச் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் துணியை அங்கேயே கழற்றிப் போட்டுக் குளித்துவிட்டுப் போக ஒரு குழாயும் ஓர் அறையும் கொடுத்திருந்தால் போதும், அந்தத் தூசி உங்கள் வாசலுக்கு வந்திருக்காது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஆஸ்பெஸ்டாஸ், தமிழில் கல்நார், பாறையிலிருந்து வெட்டி எடுக்கப்படுவது. கல்லாக இருந்தும் நூலாகப் பிரியும். தீயில் எரியாது, வெப்பத்தைக் கடத்தாது, அமிலம் பட்டாலும் எளிதில் கெடாது, விலையும் குறைவு. அதனால்தான் பாய்லர் வேலையில் அதைக் கயிறாகவும் துணியாகவும் பலகையாகவும், தண்ணீரில் குழைத்துப் பூசும் பூச்சாகவும் பயன்படுத்தினார்கள். பழைய பூச்சைத் தட்டிப் பெயர்க்கும்போதும், காய்ந்த மூட்டையைக் கொட்டிக் குழைக்கும்போதும் இழைகள் புகைபோல எழும். கண்ணுக்குத் தெரியும் வெள்ளைத் தூசியைவிடத் தெரியாத இழைகள்தான் ஆபத்து. அவை மூச்சுக் குழாயின் கடைசிக் கிளை வரை போய், நுரையீரலைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் தைத்துக்கொள்கின்றன. சப்பாத்திக் கள்ளிப் பழத்தைப் பறித்தவர் கையில் ஏறும் பூமுள்ளைப்போல, எங்கே இருக்கிறது என்று பார்க்கவும் முடியாது, பிடுங்கவும் முடியாது. உடலின் காவல் அணுக்கள் அந்த இழையை விழுங்கிச் செரிக்கப் பார்க்கின்றன, முடிவதில்லை. அந்த இடத்தில் அழற்சி ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. ஒரு கட்டத்தில் உறையின் அணுக்களுடைய மரபுப்பொருள் சிதைந்து புற்றாக மாறுகிறது. இதற்குப் பெரும்பாலும் 30 முதல் 40 ஆண்டுகள் ஆகும். 20 ஆண்டிலும் வரலாம், 50 ஆண்டு கழித்தும் வரலாம். அம்மா துணி துவைத்தது எப்போது, நோய் வந்தது எப்போது என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

வயிற்றறையின் உறையிலும் இதே புற்றுநோய் வரும். அப்போது வயிறு வீங்கி நீர் கோக்கும். இதயத்தைச் சுற்றிய உறையில் வருவது மிக அரிது. புகைபிடிப்பதற்கும் மீசோதீலியோமாவுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் இழையைச் சுவாசித்தவர் புகையும் பிடித்தால், சாதாரண நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்காகிவிடும். அண்ணனுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் இதைக் காட்டுங்கள்.

இப்போது காசநோய் மருந்து பற்றி. நம் நாட்டில் ஒருவருக்கு ஒரு பக்க நெஞ்சில் நீர் கோத்தால் முதலில் காசநோயை நினைப்பது தவறில்லை. இங்கே அதற்கு மிகுதியான காரணம் அதுதான். எடுத்த நீரில் லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் கூடுதலாக இருந்து, ஏடிஏ என்ற நொதியின் அளவும் உயர்ந்திருந்தால் பெரும்பாலான மருத்துவர்கள் காசநோய் என்றே முடிவு செய்வார்கள். சிக்கல் என்னவென்றால் மீசோதீலியோமாவிலும் இதே தோற்றம் சில நேரம் கிடைக்கும். நீரில் மிதக்கும் அணுக்களைப் பார்க்கும் பரிசோதனையோ இந்தப் புற்றுநோயை அடிக்கடி தவறவிடும். “நீரில் கேன்சர் இல்லை” என்று அறிக்கை வந்தால் குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. அங்கே நிம்மதி அடையக் கூடாது.

எங்கே தவறு நடந்தது என்றால், மருந்து கொடுத்தும் நீர் வற்றாதபோது, அல்லது வற்றித் திரும்பி வந்தபோது, உடனே திசு எடுக்கவில்லை என்பதில்தான். விலாவிடுக்கில் சிறு துளையிட்டுக் கேமரா செலுத்தி, உறையை நேரில் பார்த்துப் பல இடங்களில் திசு எடுக்கும் தொராக்கோஸ்கோப்பி பல மாவட்டத் தலைநகரங்களிலேயே இப்போது செய்கிறார்கள். எடுத்த திசுவையும் வெறுமனே நுண்ணோக்கியில் பார்த்தால் போதாது. நுரையீரலிலிருந்து உறைக்குப் பரவிய வேறு புற்றுநோயும் இதே மாதிரி தெரியும். கால்ரெட்டினின், டபிள்யூடி-1 போன்ற புரதங்களுக்குச் சாயமேற்றிப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். அம்மாவின் அறிக்கையில் அந்தச் சாயப் பரிசோதனை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் திசுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கி, அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற பெரிய மையத்தில் இரண்டாம் கருத்து பெறுங்கள். அவை உங்கள் சொத்து, கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆறு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் அம்மா குணமாகியிருப்பாரா? உண்மையைச் சொல்கிறேன்: இந்தப் புற்றுநோயில் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம் முடிவை மாற்றாது. கண்டுபிடித்து ஐந்து ஆண்டுகள் கடந்து வாழ்பவர்கள் நூற்றில் ஏறத்தாழ பத்துப் பேர்தான். ஆனால் உடம்பில் தெம்பு இருக்கும்போது சிகிச்சை தொடங்குவதற்கும், எடை குறைந்து களைத்த பிறகு தொடங்குவதற்கும் வேறுபாடு இருக்கிறது. திரும்பத் திரும்ப ஊசி போட்டு நீர் எடுத்த வேதனையையும் தவிர்த்திருக்கலாம். அதற்காக நீங்கள் உங்களையே நொந்துகொள்ளக் கூடாது. மாத்திரையை நாள் தவறாமல் கொடுத்தீர்கள், நீர் திரும்பியதும் வேறு இடம் தேடிப் போனீர்கள். ஒரு மகள் செய்யக்கூடியதைச் செய்திருக்கிறீர்கள்.

சிகிச்சைக்கு வருகிறேன். அறிக்கையில் மூன்று வகைகளில் ஒன்று எழுதியிருக்கும்: எபிதீலியாய்டு, சார்கோமட்டாய்டு, இரண்டும் கலந்தது. எல்லாத் தீர்மானமும் இதிலிருந்துதான் தொடங்குகிறது. எபிதீலியாய்டு கொஞ்சம் மெதுவாக வளரும், கீமோதெரபிக்கும் ஓரளவு இணங்கும். பெமெட்ரெக்செட் என்ற மருந்தோடு சிஸ்பிளாட்டின் சேர்த்துக் கொடுப்பது 2004-இலிருந்து உலகெங்கும் வழக்கத்தில் இருக்கிறது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் வயதானவர்களுக்கும் சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாகக் கார்போபிளாட்டின் கொடுப்பார்கள். பெமெட்ரெக்செட் இந்தியாவிலேயே தயாராவதால் எட்டாத விலை இல்லை. அதைத் தொடங்கும் முன்பே ஃபோலிக் அமில மாத்திரையும் பி-12 ஊசியும் ஆரம்பித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்புண்ணும் இரத்த அணுக் குறைவும் கடுமையாகும். முதல் ஊசிக்கு முன்னால் இதை நினைவூட்டுங்கள்.

இரண்டாவது வழி, உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி. நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கு 2020-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில், கீமோதெரபி பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள், அதாவது அவர்களில் பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 14 மாதம், இம்யூனோதெரபி பெற்றவர்களுக்கு 18 மாதம். சார்கோமட்டாய்டு, கலப்பு வகைகளில் வேறுபாடு இன்னும் பெரிது, ஏறத்தாழ 9 மாதம் 18 மாதமானது. ஆனால் செலவு பல லட்சம். வீட்டையோ நிலத்தையோ விற்கும் முன், அம்மாவின் வகை எது, அவருக்குக் கூடுதலாக எத்தனை மாதம் எதிர்பார்க்கலாம் என்று புற்றுநோய் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பது அன்பில்லாத செயல் ஆகாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எதற்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

அறுவை சிகிச்சை பற்றி யாராவது ஆசை காட்டினால் நிதானமாக யோசியுங்கள். நெஞ்சறை உறையை முழுவதும் உரித்தெடுக்கும் பெரிய அறுவை சிகிச்சையைக் கீமோதெரபியோடு சேர்த்துச் செய்து பார்த்த பிரிட்டன் ஆய்வின் முடிவுகள் 2024-இல் வெளியாயின. கீமோதெரபி மட்டும் பெற்றவர்களைவிட அறுவை சிகிச்சையும் சேர்த்துச் செய்துகொண்டவர்களுக்குப் பலன் குறைவாகவும் துன்பம் கூடுதலாகவும் இருந்தது. 67 வயதில், எடை குறைந்திருக்கும் ஒருவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வயிற்றறை மீசோதீலியோமாவின் கதை வேறு. தகுதியானவர்களுக்கு அங்கே அறுவை சிகிச்சையால் நல்ல பலன் உண்டு.

அம்மாவுக்கு இன்றைக்கே நிம்மதி தரக்கூடியது வேறொன்று: அந்த நீர். கோக்கக் கோக்க ஊசியால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மருத்துவ டால்க் தூளைச் செலுத்தி உறையின் இரு படலங்களையும் ஒட்ட வைத்துவிடலாம். அல்லது தோலுக்கடியில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, வீட்டிலேயே நீங்கள் நீரை வடிக்கலாம். ஒரு நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை அது. வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு. மார்ஃபின் என்றாலே கடைசிக் கட்டம் என்று நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. வலி உள்ளவருக்குச் சரியான அளவில் கொடுத்தால் அவர் எழுந்து உட்கார்வார், சாப்பிடுவார், தூங்குவார். மூச்சுத் திணறலையும் அது தணிக்கும். வலிதணிப்பு மருத்துவரைக் கடைசியில் தேடாமல் கீமோதெரபி தொடங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நோய் என்ன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சிகிச்சை வேண்டுமா, எந்த அளவுக்கு வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது. பெரும்பாலான தாய்மார்கள் பிள்ளைகள் மறைப்பதை முன்பே புரிந்துகொண்டு, பிள்ளைகளுக்காகத் தெரியாததுபோல் இருக்கிறார்கள். காரணத்தைப் பற்றி அவரே கேட்டால் மறைக்காதீர்கள். ஆனால் “அப்பாவின் துணியால்” என்று தொடங்காதீர்கள். “அப்பா வேலை செய்த இடத்துத் தூசி. அது விஷம் என்று தெரிந்தவர்கள் அப்பாவிடம் சொல்லவில்லை” என்று சொல்லுங்கள். இதுதான் உண்மையும்கூட. உங்கள் அப்பா குடும்பத்துக்காக உழைத்தார், அம்மா அவருக்குத் துணி துவைத்துக் கொடுத்தார். இரண்டிலும் குற்றம் இல்லை. அண்ணனின் பயம் எனக்குப் புரிகிறது. அப்பாமேல் பழி விழுந்துவிடுமோ என்பதுதான் அது. மேலே எழுதியதை அவரும் படிக்கட்டும்.

உங்களுக்கும் அண்ணனுக்கும் வருமா? அந்த வீட்டில் வளராதவர்களைவிட உங்களுக்கு வாய்ப்பு கூடுதல், அதை மறுக்க முடியாது. ஆனாலும் அது சிறிய வாய்ப்புதான். தூசியோடு நேரடியாக வேலை செய்தவர்களிலேயே பெரும்பாலோருக்கு இந்தப் புற்றுநோய் வருவதில்லை. முன்கூட்டியே கண்டுபிடித்து உயிரைக் காக்கிற பரிசோதனை எதுவும் இன்றுவரை இல்லை. ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்கச் சொல்லியும், இரத்தத்தில் ஒரு குறிப்பானைப் பார்க்கச் சொல்லியும் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அறிகுறி இல்லாதவருக்கு அதனால் பயன் இல்லை. ஸ்கேனில் “ப்ளூரல் ப்ளாக்” என்று எழுதியிருந்தால் பயந்துவிடாதீர்கள். இழை பட்டதன் தழும்பு அது, புற்றுநோயாக மாறாது. குடும்பத்தில் வேறு யாருக்கேனும் கண்ணில் மெலனோமா என்ற புற்றுநோயோ சிறுநீரகப் புற்றுநோயோ மீசோதீலியோமாவோ வந்திருந்தால் மட்டும் பிஏபி-1 என்ற மரபணுவைச் சோதிப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். மற்றபடி உங்கள் இருவரின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள்: “சிறு வயதில் வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் தூசி, தந்தை பாய்லர் வெப்பக்காப்புத் தொழிலாளி, தாய்க்கு மீசோதீலியோமா.” என்றாவது ஒரு பக்கம் நெஞ்சு வலி விடாமல் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நீர் கோத்தாலோ அந்த வரி உங்களுக்கு மாதக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும்.

வீட்டுக் கூரையைப் பற்றி இவ்வளவு பயம் வேண்டாம். ஆனால் அலட்சியமும் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இழை இருக்கும், மற்றது சிமென்ட். உடையாமல் மேலே கிடக்கும் வரை இழை சிமென்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். அதன் கீழே விளையாடுவதால் உங்கள் குழந்தைகளுக்கு வரும் ஆபத்து மிகக் குறைவு. அறுப்பது, துளையிடுவது, உடைப்பது, பாசி போகக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது, இவைதான் ஆபத்து. நம் ஊரில் ஷீட்டை அறுக்க மின்ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு, முகத்தில் ஒரு துண்டைக்கூடக் கட்டாமல் கூரைமேல் உட்காரும் பையன்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதைக்கிறது. துண்டு கட்டினாலும் பயனில்லை, இழை அதற்குள் புகுந்துவிடும். உடைந்த ஷீட்டைப் பொடித்து வாசலில் மேடு தூர்க்கும் வழக்கமும் இருக்கிறது. அதன்மேல் வண்டி ஏறி ஏறி ஆண்டுக்கணக்கில் தூசி கிளம்பும்.

உங்கள் ஷீட் நன்றாக இருந்தால் தொடாமல் விடுங்கள், விரும்பினால் மேற்புறம் பெயின்ட் அடியுங்கள். விளிம்பு உதிர்ந்து, வெடித்து, தொட்டால் பொடி வருகிறது என்றால் மாற்றிவிடுவதுதான் நல்லது. அப்போது ஷீட்டை முதலில் தண்ணீர் ஊற்றி நனைத்து, திருகாணிகளைக் கழற்றி, உடைக்காமல் முழுதாக இறக்க வேண்டும். தடித்த பாலித்தீன் தாளில் சுற்றிக் கட்ட வேண்டும். கீழே விழுந்த துகளை விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். வேலை செய்பவர்களுக்குப் பி-100 வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். அவர்கள் அணிந்த துணி உங்கள் வீட்டிலேயே கழன்று பைக்குள் போகட்டும். நான் ஏன் இதை வலியுறுத்துகிறேன் என்று உங்களுக்குத் தெரியும், அவர்கள் வீட்டிலும் துணி துவைப்பவர் ஒருவர் இருப்பார். குழந்தைகளை அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். புதிய கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஷீட்டுகள் கடையில் கிடைக்கின்றன, கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் பழையதையே தருவார்கள்.

இன்னும் அதை விற்கிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். விற்கிறார்கள். பிரிட்டன் 1999-இலும் ஆஸ்திரேலியா 2003-இன் கடைசி நாளிலும் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-இலும் எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் தடை செய்துவிட்டன. ஒரு காலத்தில் உலகத்துக்கே ஏற்றுமதி செய்த கனடாவும் 2018-இல் தடை செய்தது. இந்தியா தன் சுரங்கங்களை நிறுத்திவிட்டு, வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை ரஷ்யாவிலிருந்தும் கசகஸ்தானிலிருந்தும் லட்சக்கணக்கான டன் வாங்கிக்கொண்டிருக்கிறது. இலங்கை தடை செய்யத் திட்டமிட்டது. 2017-இல் ரஷ்யா அவர்களுடைய தேயிலையை வாங்க மாட்டோம் என்று நிறுத்தியதும் திட்டத்தைத் தள்ளிப்போட்டது. வெள்ளை வகை ஆபத்தில்லாதது, நீல வகைதான் கெட்டது என்று தொழில்துறை சொல்லிக்கொண்டே இருக்கிறது. நீல வகை கொடியது என்பது உண்மை. 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவரது சகாக்களும் இந்த நோயை ஆஸ்பெஸ்டாஸோடு முதன்முதலில் உறுதியாக இணைத்துக் காட்டிய 33 நோயாளிகளில் பெரும்பாலோர் நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பகுதியோடு தொடர்புடையவர்கள். அவர்களில் பலர் சுரங்கத்துக்குள் இறங்கியதே இல்லை, பக்கத்தில் வாழ்ந்தவர்கள். ஆனால் வெள்ளை உட்பட எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பின் முடிவு. அதில் ஐயம் இல்லை.

“அப்படியானால் இந்தியாவில் ஏன் இந்த நோய் இவ்வளவு அரிதாக இருக்கிறது?” என்று ஒரு கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள். பிரிட்டனில் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்டோர் மீசோதீலியோமாவால் இறப்பதாகக் கணக்கு இருக்கிறது, நம் மக்கள்தொகையில் இருபதில் ஒரு பங்கு தேசம் அது. நம்மிடம் கணக்கு சிறிதாக இருப்பதற்குக் காரணம், உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் காசநோய் என்றோ “நெஞ்சில் நீர்” என்றோ பதிவாகித் திசுப் பரிசோதனை இல்லாமலே இறந்துபோவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். திசு எடுத்தாலும், முப்பது ஆண்டுக்கு முன் என்ன வேலை, யார் செய்த வேலை என்று கேட்பவர் குறைவு. அம்மாவின் மருத்துவர் ஆஸ்பெஸ்டாஸ் பற்றிக் கேட்டதே நல்ல அறிகுறி. ஆனால் “நீங்கள் கம்பெனியில் வேலை செய்தீர்களா” என்ற கேள்விக்கு ஒரு இல்லத்தரசி “இல்லை” என்றுதான் சொல்வார். “உங்கள் வீட்டில் யார் யார் என்னென்ன வேலைக்குப் போனார்கள், அவர்கள் துணியை யார் துவைத்தார்கள்” என்று கேட்க வேண்டும். என் சக மருத்துவர்கள் இதைப் படித்தால், நாளை புறநோயாளிப் பிரிவில் இந்தக் கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஷீட் ஆலை மட்டும் இல்லை. பிரேக் லைனிங், கிளட்ச் பட்டறை, வார்ப்பாலையில் ஆஸ்பெஸ்டாஸ் கையுறை, ரயில் பெட்டிப் பணிமனை, கப்பல் உடைக்கும் தளம், பழைய கட்டடம் இடிப்பது, எல்லாம் இதில் சேரும்.

இழப்பீடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமா இந்தியச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. 1995-இல் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளி ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையிலிருந்து விலகியபின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆனால் பட்டியல் தொழிலாளிக்கானது. துணி துவைத்த மனைவிக்கு அதில் இடம் இல்லை. பிரிட்டனில் 2008-இலிருந்து, உறவினரின் வேலைத் துணியைத் துவைத்து நோய் வந்தவருக்கும் அரசே தொகை கொடுக்கிறது. ஜப்பானில் அமாகசாகி நகரத் தொழிற்சாலை ஒன்றைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு இந்த நோய் வந்திருப்பது 2005-இல் வெளியே தெரிந்ததும், அடுத்த ஆண்டே தொழிலாளி அல்லாதவர்களுக்கும் நிவாரணம் தரச் சட்டம் கொண்டு வந்தார்கள். இங்கே அது வர வேண்டும். அதற்கு உங்கள் அம்மாவின் வழக்கு எழுத்தில் பதிவாவது முதல் படி. நோய்ச் சுருக்க அறிக்கையில் “கணவரின் தொழில்வழி வீட்டுக்கு வந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசி” என்று எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அப்பாவின் பழைய ஈஎஸ்ஐ அட்டை, பி.எஃப். சீட்டு, கூலிச் சீட்டு, வேலை இடத்தில் எடுத்த புகைப்படம், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அல்லது தொழிற்சங்கத்திடம் காட்டுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். அப்பாவோடு அதே ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் அம்மாவுக்கு நினைவிருக்கும். அந்த வீடுகளுக்கு அண்ணனோடு ஒருமுறை போய் வாருங்கள். பயமுறுத்த வேண்டாம். அவர்களுக்கோ, அவர்கள் மனைவிக்கோ, பிள்ளைகளுக்கோ நீண்ட நாள் மூச்சு வாங்கினால், நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் கோத்தால், மருத்துவரிடம் முதல் வார்த்தையாக “எங்கள் வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்தவர் இருந்தார்” என்று சொல்லச் சொல்லுங்கள். காசநோய் மருந்து ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் யாராவது இருந்தால், அதை அவராக நிறுத்தக் கூடாது. மருந்துக்கு நீர் குறையவில்லை என்றால் திசு எடுத்துப் பார்க்கும்படி கேட்க வேண்டும், அவ்வளவுதான். யாராவது தயங்கினால் அம்மாவின் அறிக்கையின் நகலை அவர்கள் கையில் கொடுத்து அனுப்புங்கள், எந்த நுரையீரல் மருத்துவரும் அதைப் பார்த்தால் புரிந்துகொள்வார்.